அக்பர் கூட்டிய விவாத மண்டபம்

ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பதேபூர் சிக்ரி. அதன் சிவப்புக் கல் மாளிகைகளை வடநாட்டில் வாழும் தமிழன்பர் பலர் கண்டிருப்பர். அந்நகரில் 1575-ஆம் ஆண்டில் அக்பர் சக்கரவர்த்தி ‘இபாதத் கானா’ என்னும் வழிபாட்டு மண்டபத்தை அமைத்தார். வியாழக்கிழமை இரவுகளில் அங்கே சமய விவாதங்கள் நிகழ்ந்தன.

தொடக்கத்தில் இஸ்லாமிய அறிஞர்களே அழைக்கப்பெற்றனர். யார் எங்கு அமர்வது என்பதிலேயே பூசல் விளைந்தது. ஒருவர் ஆகும் என்றதை மற்றவர் ஆகாது என்றார். ஒரு சமயத்தாருக்குள்ளேயே இத்துணை வேற்றுமை இருப்பின், பிறர் கூறுவதையும் கேட்டாலென்ன? அந்தணர், ஜைனர், பார்சிகள் ஆகியோருக்கும் கதவு திறந்தது. 1580-இல் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமாரும் வந்து சேர்ந்தனர்.

பிறர் கருத்தை அறிய அவர்தம் நூல்களையும் அறிதல் வேண்டுமன்றோ? 1582-இல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கும் பணி தொடங்கியது. அந்தணப் பண்டிதர்கள் பொருள் விளக்க, பாரசீக அறிஞர்கள் எழுதினர். ‘ரஸ்ம் நாமா’, அதாவது போர் நூல், என்பது அதன் பெயர். எழுதியவர்களுள் பதாயூனி என்பவர் வைதிகப் பற்று மிக்க முஸ்லிம். இப்பணியை அவர் வெறுத்தார், எனினும் செய்தார். பின்னர் இராமாயணத்தையும் பெயர்த்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அவருடைய சங்கடம் நன்கு விளங்குகிறது.

அக்பர் முற்றிலும் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. தம் போக்குக்கு இடையூறாக இருந்த சமயத் தலைவர் இருவரை 1579-இல் அவர் மக்காவுக்கு அனுப்பினார். அஃது அவர்கள் விரும்பிய யாத்திரையன்று. ஆயினும், தம்முடைய புதிய நெறியில் சேருமாறு தளபதி மான்சிங்கை அழைத்தபோது, அவர் பணிவுடன் மறுத்தார். மன்னர் மேலும் வற்புறுத்தவில்லை. மான்சிங் உயர்பதவியிலேயே நீடித்தார். பிறரைத் தம் கருத்துக்கு இணங்கச் செய்வதினும், இணங்காதவரைத் தம் அருகில் வைத்துக்கொள்வதே அரிது.

பதாயூனி மறைவாக ஒரு வரலாறு எழுதினார். மன்னரைக் கடுமையாகச் சாடும் அந்நூல், 1605-இல் அக்பர் காலமான பின்னரே வெளிப்பட்டது. இபாதத் கானாவில் நிகழ்ந்தவற்றுள் பலவற்றை நாம் இன்று அறிவது அந்த எதிர்ப்பாளரின் எழுத்தாலேயே. பல மொழியினரும் பல சமயத்தினரும் அண்டை வீட்டாராக வாழும் நகரங்களில் குடியேறியுள்ள நாம், உடன்படாதவரின் சொல்லையும் செவிமடுக்கும் இப்பண்பைப் பேணுதல் நன்று.