ஓரம் வெட்டின கதை

ஸ்கேன் பண்ணின படத்துல இருந்து ஒரு ஆளை மட்டும் தனியா வெட்டி எடுப்பது எப்படின்னு தேடினா ஆயிரம் பாடம் கிடைக்கும். லாஸோவை எடு, சுத்தி வளை, டெலீட்டைத் தட்டு, முடிஞ்சது வேலை. சதுரமா வெட்டுறதுல யாருக்கும் பிரச்சினை இல்லை. தலைமுடி, முந்தானை, மரக்கிளை, மாட்டுக்கொம்புன்னு கோணல்மாணலான வடிவம் வந்தாத்தான் கை நடுங்கும்.

அந்தப் பாடங்கள் சொல்லாமல் விடுவது இந்த வேலையோட பூர்வீகத்தை. அதுல ஒரு பிரெஞ்சு நிதி மந்திரி, ஸ்டாலின், ரெனோ கார் கம்பெனி, சோவியத் ரயில்வே எல்லாரும் வர்றாங்க. ஜல்லியடிக்கலை மக்களே, வரிசையா பார்ப்போம்.

கத்தரிக்கோல் காலம்

1759-ல் பிரான்சுல எட்டு மாசம் போல நிதி மந்திரியா இருந்தவர் எட்டியன் தெ சிலூவெட். சிக்கன நடவடிக்கைன்னு பணக்காரங்க மேலயே கை வெச்சவர். பதவி போனதும் மலிவான சமாச்சாரத்துக்கெல்லாம் அவர் பேரை வெச்சு ஊரே கிண்டல் பண்ணினதா சொல்வாங்க. அந்தக் காலத்துல ஓவியரை வெச்சுப் படம் வரைய காசில்லாதவங்க, முகத்தோட பக்கவாட்டு நிழலைக் கறுப்புத் தாள்ல வெட்டி மாட்டிக்கிட்டாங்க. அதுக்கும் அவர் பேரே ஒட்டிக்கிச்சு: சிலூவெட். கண் இல்லை, மூக்குத்தி இல்லை, சிரிப்பு இல்லை. வெறும் ஓரம் மட்டும்தான். ஆனாலும் ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். ஒரு மனுஷனை அடையாளம் காட்ட வெளிக்கோடு போதும்னு உலகத்துக்குச் சொன்னது இந்தக் கறுப்புத் தாள்.

அடுத்து கேமரா வந்தது. 1857-ல் ஆஸ்கார் ரேலாண்டர்னு ஒருத்தர், 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒண்ணு சேர்த்து ஒரே பெரிய படமா அச்சிட்டார். ஒவ்வொரு உருவத்தையும் தனியா படம் எடுத்து, வேண்டாத இடத்தை மறைச்சு மறைச்சுப் பிரிண்ட் போடுற வேலை. விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினாங்க. இன்னிக்கு நாம 'லேயர்'னு சொல்றதை மனுஷன் இருட்டறையில கையாலயே பண்ணியிருக்கார்.

வெட்டத் தெரிஞ்சவன் ஒட்டுவான், ஒட்டத் தெரிஞ்சவன் அழிக்கவும் செய்வான். மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில ஸ்டாலின் பக்கத்துல ஒரு குள்ளமான ஆள் நடந்து போற போட்டோ ஒண்ணு உண்டு. பேர் நிக்கலாய் யெஷோவ், 1936-லிருந்து 1938 வரை ரகசிய போலீஸ் தலைவர். ஆயிரக்கணக்கான பேரைக் காணாமல் போகச் செய்தவர். 1940-ல் அவரையே சுட்டுக் கொன்னாங்க. அதுக்கப்புறம் வந்த பிரதியில அவர் நின்ன இடத்துல கால்வாய்த் தண்ணி மட்டும்தான் இருக்கு. எல்லாம் கத்தியும் தூரிகையும் மையும் வெச்சு செஞ்ச வேலை. இப்படி அழிக்கப்பட்ட சோவியத் முகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து டேவிட் கிங் 1997-ல் ஒரு புத்தகமே போட்டார்.

சிவப்புத் தாளும் சிப்பும்

கம்ப்யூட்டருக்கு முன்னாடி அச்சகத்துல படம் வெட்ட உதவினது ரூபிலித்துன்னு ஒரு சிவப்பு ஃபிலிம். கண்ணாடி மாதிரி பாலியெஸ்டர் தாள் மேல சிவப்புப் படலம் ஒண்ணு ஒட்டியிருக்கும். படத்து மேல அதை வெச்சு, உருவத்தோட ஓரத்துல கத்தியால மெல்லக் கீறி, வேண்டாத சிவப்பை உரிச்சு எடுக்கணும். அடித்தாள் அறுபடக் கூடாது. ஏன் சிவப்பு? அச்சுக்குப் பயன்படுற லித்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. நம்ம கண்ணுக்கு ஊடுருவித் தெரியும், ஃபிலிமுக்குக் கறுப்பு. ஒரே தாள்ல ரெண்டு வசதி! போட்டோஷாப்ல குவிக் மாஸ்க் போட்டா படம் மேல சிவப்பா ஒண்ணு படருமே, அது இந்த ரூபிலித்தோட ஆவிதான்.

பொட்டி தட்டுற நமக்கு இதுல ஒரு சொந்தம் உண்டு. 1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்போட வரைபடங்களையும் இதே மாதிரி ரூபிலித்துல வெட்டி, போட்டோ எடுத்துச் சுருக்கித்தான் மாஸ்க் தயார் பண்ணினாங்க. 2,300 டிரான்சிஸ்டர். கத்தியால வெட்டின சிவப்புத் தாள்ல இருந்து பிறந்த சிப்பு வம்சம், பிற்பாடு அந்தக் கத்திக்கே வேலையில்லாமப் பண்ணிடுச்சு.

சதுரத்தில் மாட்டிய உலகம்

1957-ல் அமெரிக்காவோட தேசிய தர நிர்ணயக் கழகத்துல ரஸ்ஸல் கிர்ஷ்ங்கறவர் தன்னோட மூணு மாசக் குழந்தை போட்டோவை கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினார். டிஜிட்டல் ஸ்கேனரோட ஆரம்பம் அதுதான். அளவு 176-க்கு 176. மொத்தம் 30,976 புள்ளி, ஒவ்வொண்ணும் கறுப்பு இல்லேன்னா வெள்ளை. புள்ளிகளைச் சதுரமா வெச்சதுதான் தான் பண்ணின முட்டாள்தனம்னு வயசான காலத்துல அவரே சொன்னார். வேற வேற வடிவத்துல புள்ளி வெக்க முடியுமான்னு எண்பது வயசுலயும் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார்.

அவர் வருத்தம் நியாயமானது. உலகத்துல எந்தக் கன்னமும் சதுரம் இல்லை. வளைவை சதுரக் கட்டத்துல போட்டா ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். அதைவிட மோசம், ஓரத்துல இருக்கற ஒரு புள்ளி பாதி முடி, பாதி சுவரா இருக்கும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பீங்க? முடின்னு எடுத்தா சுவரோட நிறம் ஒட்டிக்கிட்டு வரும். சுவர்னு விட்டா தலை மொட்டையாகும்.

இதுக்கு விடை கண்டுபிடிச்சவங்க எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித். 1977, நியூயார்க் தொழில்நுட்பக் கழகம். சிவப்பு, பச்சை, நீலத்தோட நாலாவதா ஒரு எண்ணையும் ஒவ்வொரு புள்ளியிலயும் வெச்சாங்க. 'இந்தப் புள்ளி எவ்வளவு தூரம் நம்ம ஆளோடது' என்பதுக்கான எண் அது. பேர் ஆல்ஃபா. முழுசா உள்ளே, முழுசா வெளியேங்கற ரெண்டு பதிலுக்கு நடுவுல 'முப்பது சதவீதம் உள்ளே'ன்னு சொல்ல முடிஞ்சது. 1984-ல் போர்ட்டர், டஃப் ரெண்டு பேரும் இதுக்கு முழுக் கணக்கும் எழுதினாங்க. நாலு பேருக்கும் 1996-ல் ஆஸ்கார் அகாடமியோட தொழில்நுட்ப விருது கிடைச்சது.

சுருக்குக் கயிறும் காரின் வளைவும்

லாஸோன்னா மாடு பிடிக்கற சுருக்குக் கயிறு. அதை எலி நுனியில கட்டி எல்லார் கையிலயும் கொடுத்தது 1984-ல் மெக்கின்டாஷோட வந்த மேக்பெயின்ட். எழுதினவர் பில் அட்கின்சன். தேர்ந்தெடுத்த பகுதியைச் சுத்தி எறும்பு வரிசை மாதிரி கோடு ஊருமே, அதுவும் அவர் கைவண்ணம்தான்.

1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவரா இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டுற தன் மேக் திரையில சாம்பல் நிறம் காட்ட ஒரு நிரல் எழுத ஆரம்பிச்சார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அப்பாவோட இருட்டறைப் பழக்கம் சின்ன வயசுலயே உண்டு. சினிமா எஃபெக்ட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த ஜான் நோலுக்கு இதுல வியாபாரம் தெரிஞ்சது. முதல்ல பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனரோட சுமார் 200 பிரதி போச்சு. ஆக, போட்டோஷாப் பிறந்ததே ஸ்கேனருக்கு இலவச இணைப்பாத்தான்! 1990 பிப்ரவரியில அடோபி பேர்ல முதல் பதிப்பு வந்தது. அதுலயே லாஸோவும் மந்திரக்கோலும் உண்டு. மந்திரக்கோலோட மந்திரம் ரொம்ப எளிது. தொட்ட புள்ளியோட நிறத்துக்குப் பக்கத்துல இருக்கற புள்ளியை எல்லாம், தண்ணி பரவுற மாதிரி, சேர்த்துக்கிட்டே போகும். வெள்ளைச் சுவர்னா ஜமாய்ச்சிடும். கோலம் போட்ட வாசல்னா ததிங்கிணத்தோம்.

1991-ல் ரெண்டாவது பதிப்புல பேனாக் கருவி வந்தது. இதோட வளைவுக் கணக்கு கார் கம்பெனியில பிறந்தது. ரெனோவுல பியர் பெசியே, சிட்ரோயென்ல பால் தெ காஸ்டெல்ஜோ, ரெண்டு பேரும் கார் உடம்போட வளைவை எண்ணுல எழுத வழி தேடினாங்க. தெ காஸ்டெல்ஜோ 1959-லயே கண்டுபிடிச்சார், கம்பெனி ரகசியம்னு அமுக்கி வெச்சாங்க. அதனால பேர் பெசியேவுக்குப் போச்சு. நாலு புள்ளி, ஒரு வளைவு. இன்னிக்கு மூக்கு நுனியை வெட்டும்போது நீங்க இழுக்கற அந்தக் கைப்பிடி, ஒரு காலத்துல மட்கார்டு வளைச்சது.

ஓட்டல் கணக்கும் ரயில் கணக்கும்

இனிமேல்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. டைக்ஸ்ட்ரா அல்காரிதம்னு இன்ஜினியரிங்ல படிச்சு, எழுதி, மறந்திருப்போம். 1956-ல் ஆம்ஸ்டர்டாம்ல வருங்கால மனைவியோட கடைவீதி சுத்திட்டு, ஒரு காபிக் கடையில உட்கார்ந்து இருபது நிமிஷத்துல, பேப்பர் பென்சில் இல்லாம, டைக்ஸ்ட்ரா மனசுக்குள்ள போட்ட கணக்கு அது. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் குறுக்கு வழி எது?

1995-ல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல மார்டென்சன், பாரெட் ரெண்டு பேரும் அதைப் படத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. புள்ளிகள்தான் ஊர்கள். நிறம் சட்டுனு மாறுற ஓரம்தான் செலவு குறைஞ்ச ரோடு. நீங்க காதுல ஒரு கிளிக், தோள்ல ஒரு கிளிக் பண்ணினா, நடுவுல இருக்கற ஓரத்தைக் கணக்கே தேடிப் போகும். இதே யோசனைதான் கிம்ப்ல 'புத்திசாலிக் கத்தரிக்கோல்'. 1998-ல் போட்டோஷாப்புக்குக் காந்த லாஸோவும் வந்து சேர்ந்தது.

அடுத்த கதை இன்னும் வில்லங்கம். பனிப்போர் உச்சத்துல, 1955-ல் ராண்ட் நிறுவனத்துக்காக ஹாரிஸும் ராஸும் ஒரு ரகசிய அறிக்கை எழுதினாங்க. சோவியத் நாட்டுல இருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயில்ல எவ்வளவு சரக்கு அனுப்ப முடியும்? எந்த எந்தத் தண்டவாளத்தை வெட்டினா, குறைஞ்ச சிரமத்துல மொத்தமும் நிக்கும்? 44 சந்திப்பு, 105 இணைப்பு. அந்த அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது 1999-ல். அது கிளப்பின கேள்விக்கு 1956-லயே ஃபோர்டும் ஃபுல்கர்சனும் அழகான தேற்றம் கொடுத்துட்டாங்க: அதிகபட்ச ஓட்டமும் குறைந்தபட்ச வெட்டும் ஒரே எண்.

2001-ல் பாய்கோவும் ஜாலியும் இதைப் படத்துக்குப் பயன்படுத்தினாங்க. புள்ளிகள் ரயில் நிலையம். ஒரே மாதிரி நிறம்னா நடுவுல கெட்டியான தண்டவாளம். வித்தியாசமான நிறம்னா பலவீனமான தண்டவாளம். ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவுல மலிவான வெட்டு எதுவோ அதுதான் ஓரம். 2004-ல் மைக்ரோசாஃப்ட் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல ரோதர், கொல்மொகரோவ், பிளேக் மூணு பேரும் 'கிராப்கட்' கொடுத்தாங்க. ஆளைச் சுத்தி ஒரு சதுரம் போட்டாப் போதும். 2010-ல் ஆபீஸ் தொகுப்புலயே பின்னணி நீக்கும் பொத்தானா வந்தது. குண்டு போட எழுதின கணக்கு, கல்யாண போட்டோ வெட்டுது!

2023-ல் மெட்டா வெளியிட்ட சாம் மாடல், 1.1 கோடி படங்கள்ல இருந்து எடுத்த 110 கோடி வெட்டுகளைப் பார்த்துப் பழகினது. இப்போ ஒரு புள்ளியைத் தொட்டாலே ஆள் தனியா வந்துடுது.

கணக்குக்குத் தெரியாதது

அப்போ கதை முடிஞ்சதான்னா, எனக்கு அப்படித் தோணலை. எங்க அப்பாயிக்குத் தனியா ஒரு போட்டோ கிடையாது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பல பேருக்கு அப்படித்தான், ஏதாவது கல்யாண குரூப் போட்டோவோட கடைசி வரிசையில நிப்பாங்க. மாலை போட ஒரு படம் வேணும்னு அத்தை கேட்டாங்க. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, அப்பாயி நிக்கறது இருட்டான நிலைக்கதவு முன்னாடி. கறுப்பு முடி, கறுப்புக் கதவு. பெரிசு பண்ணிப் பார்த்தா ரெண்டுக்கும் ஒரே எண். டைக்ஸ்ட்ராவுக்கு அங்க ரோடே இல்லை, வெட்டறதுக்குத் தண்டவாளமும் இல்லை. புதுசா வந்த ஏஐ, தனக்குத் தெரிஞ்ச ஒரு பொதுவான தலையை உத்தேசமா வெட்டிக் கொடுத்தது.

அத்தை திரையில விரலை வெச்சாங்க. "இல்லடா, அம்மா கொண்டையை இடது பக்கமா சரிச்சுப் போடும். இதோ, இது வரைக்கும் இருக்கும்." அந்த ஓரம் படத்துல இல்லை, அத்தைகிட்ட இருந்தது. அவங்க விரல் போன வழியில பேனாக் கருவியால போட்டேன்.

அடுத்து இடுப்புல ஒரு குழந்தை. அதை எடுத்துடவான்னு கேட்டேன். "அது நான்தான்டா, அப்படியே இருக்கட்டும்"ன்னாங்க.

யெஷோவை வெட்டினவன் கையில இருந்ததும் இதே மாதிரி ஒரு கருவிதான். யார் உள்ளே, யார் வெளியேன்னு முடிவு பண்ற அதிகாரம் அவன்கிட்ட இருந்தது. அவன் பொய் வெளியே தெரிஞ்சதுக்குக் காரணம், எங்கேயோ யாரோ மூலப் படத்தைப் பத்திரமா வெச்சிருந்தாங்க.

அதனால மக்களே, டெலீட்டைத் தட்டாதீங்க, மாஸ்க் போடுங்க. மறைச்சதைத் திரும்பக் கொண்டு வரலாம், அழிச்சது போனது போனதுதான். முழு ஸ்கேன் கோப்பையும் தனியா ஒரு இடத்துல வையுங்க, அதுல நிக்கறவங்க பேரை வரிசையா எழுதி. எங்க குரூப் போட்டோவுல 23 பேர். அத்தைக்கு 19 பேர் ஞாபகம் இருக்கு. மிச்சம் நாலு பேரைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு ஊர்ப்பக்கம் விசாரிச்சுட்டிருக்கேன்.