கொடுத்தும் கொடாதது

வீட்டை விற்பவர் சாவிக் கொத்தையும் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குகிறார். பழைய செல்போனைக் கொடுப்பவரோ பல சமயம் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு போய்விடுகிறார். வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடிப் பலகை. இந்த விசித்திரம் எப்படி வந்தது என்று பார்த்தால், அதன் பின்னே ஒரு திருடர் சரித்திரமே இருக்கிறது.

2007-ல் ஐபோன் கடைக்கு வந்தது. 2011-ல் ஆப்பிள் கம்பெனி ஐகிளவுட் என்ற கணக்கை ஏற்படுத்தியது. ஒருவருடைய போன், கணினி எல்லாம் அவர் பெயரில் ஒரே பட்டியலில் நின்றன. திருடனுக்கு இதனால் நஷ்டமில்லை. போனில் உள்ளதை அடியோடு அழித்தான், புதிதுபோல் விற்றான். ஆப்பிள் சாமான்களின் திருட்டு மட்டும் பெருகாதிருந்தால், நியூயார்க் நகரின் மொத்தக் குற்றமே முந்திய வருஷத்தைவிடக் குறைந்திருக்கும் என்று 2012-ல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் தரப்பில் சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

2013-ல் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மனும், ஸான் பிரான்ஸிஸ்கோ மாவட்ட அட்டர்னி ஜார்ஜ் காஸ்கோனும் போன் கம்பெனிகளை நெருக்கினார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் ஐபோனுக்குப் புதுப் பூட்டு வந்தது. பூட்டின் சூட்சுமம் போனுக்குள் இல்லை. அழித்த போனை மறுபடி உயிர்ப்பித்தால், 'நான் யாருடையவன்?' என்று அது கம்பெனியின் சர்வரைக் கேட்கிறது. பட்டியலில் பழைய பெயர் இருந்தால், அந்த மனிதரின் பாஸ்வேர்டு வந்தாலன்றிக் கதவு திறவாது. அடுத்த 12 மாதங்களில் ஐபோன் திருட்டு ஸான் பிரான்ஸிஸ்கோவில் 40 சதவிகிதமும் நியூயார்க்கில் 25 சதவிகிதமும் குறைந்தது.

நல்ல காரியந்தான். ஆனால் பூட்டுக்கு முகம் பார்க்கத் தெரியாது. திருடனுக்கு மூடிய கதவு தானம் பெற்றவனுக்கும் மூடிக்கொண்டது. அமெரிக்காவில் பழைய போன்களைப் புதுப்பிக்கும் நிலையங்களுக்குப் பழுதில்லாத போன்கள் பூட்டோடு வந்து குவிந்தன. உறுப்பு உறுப்பாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இறந்துபோனவரின் போன்? 2021 டிசம்பரில்தான், தமக்குப் பின் கணக்கைத் திறக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதி வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு என் கணக்கைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் மூன்று போன்கள். ஒன்று, எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் மகன் காலேஜில் சேர்ந்தபோது நான் பெருமையோடு தூக்கிக் கொடுத்தது. உள்ளதை அழித்தேன், பெயரை நீக்கவில்லை. மாலையில் அவரை விசாரித்தேன்.

"ஏதோ பாஸ்வேர்டு கேட்குதாம், சார். உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பையன் பெட்டியிலே வச்சுட்டான்."

வீட்டுக்கு வந்து, 'கணக்கிலிருந்து நீக்கு' என்ற இடத்தில் விரலை வைத்தேன். அரை நிமிஷ வேலை. நான் கொடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவனுக்கு அது கிடைத்தது அன்றைக்குத்தான்.