வயிற்று மருந்து தொண்டைக்கு வந்த கதை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்று "சளிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்றால், அதிமதுரம், திப்பிலியோடு செம்பழுப்பாய், வளையம் வளையமாய்க் கோடு விழுந்த ஒரு கிழங்குத் துண்டும் பொட்டலத்தில் விழும். சித்தரத்தை. கடைவாயில் ஒதுக்கினால் முதலில் வெறும் கட்டை. சற்றுப் பொறுத்தால் காரம் தொண்டைக்குள் இறங்கும். கைப்பிள்ளைக்கென்றால் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். சிற்றரத்தை என்பதுதான் பேச்சில் சித்தரத்தை ஆனது, அண்ணன் பேரரத்தை. பெயர் இத்தனை தமிழாக இருக்கவே, அழகர்மலைச் சரக்கு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிறந்த ஊர் தென்சீனக் கடலோரம், ஹைனான் தீவுப் பக்கம். அங்கே இது காவ்லியாங் ஜியாங். அதாவது காவ்லியாங் வட்டாரத்து இஞ்சி. அரபு வணிகர்கள் 'கலஞ்சான்' என்றார்கள், ஐரோப்பா 'கலங்கல்' என்றது. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் இதைப் புகழ்ந்து எழுதிவிட்டார். ஆனால் வேரைத் தின்றவர்கள் செடியைப் பார்க்கவில்லை. சீனத்தில் பிரிட்டிஷ் தூதரக வேலையிலிருந்த ஹென்றி ஹான்ஸ் 1870-களின் தொடக்கத்தில்தான் அதை அடையாளம் கண்டு 'அல்பினியா அஃபிசினாரம்' என்று பெயரிட்டார். கேரளத்துக் கொல்லைகளில் சித்தரத்தை என்ற பெயரில் வளர்வது பெரும்பாலும் அல்பினியா கல்கராட்டா என்ற பங்காளிச் செடி.

அந்த வேர் இங்கே வந்து சேரப் பாண்டிய நாட்டுக்கும் சீனத்துக்கும் கப்பல் போக்குவரத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. குவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் கட்டிய தமிழர்கள் 1281-இல் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தார்கள். இந்தப் பக்கம், ராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தைத் தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பீங்கான் மண்ணுக்குள் தங்கும், வேர் மட்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், சீன வைத்தியத்தில் இது முதன்மையாக வயிற்று மருந்து. குளிர்ச்சியால் வரும் வயிற்றுவலிக்கும் குமட்டலுக்கும் கொடுப்பார்கள். சூட்டால் குளிர்ச்சியை விரட்டுவது என்ற கணக்கு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அவர்களுக்குக் குளிர்ச்சி வயிற்றில் தங்கியது, நமக்கு நெஞ்சில் கபமாகக் கட்டியது.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், பலகாரத்தில் கை வைக்கும் முன் அம்மா ஒரு உருண்டை லேகியம் தருவாளே, அதிலும் சித்தரத்தை உண்டு. அன்றைக்கு மட்டும் அது பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறது.