ஆதாயம் யாருக்கு உரியது? இஸ்லாமிய வங்கிகளின் வணிக நிதியுதவி: ஒரு வரலாற்றுப் பார்வை

 

"வட்டி என்ற பெயரை நீக்கிவிட்டு இலாபம் என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். மற்றபடி இரண்டும் ஒன்றுதானே?" இஸ்லாமிய வங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வணிகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. வணிகமும் வட்டியைப் போன்றதே என்று வாதிட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு மறுப்பாகவே, அல்லாஹ் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடைசெய்திருப்பதாக அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் அறிவிக்கிறது. இரண்டிலும் பணம் பெருகுகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இறக்குமதி, ஏற்றுமதி வணிகத்திற்கு முஸ்லிம்கள் முதல் திரட்டிய வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை உண்டு.

பஸ்ராவிலிருந்து மதீனாவுக்கு

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் புதல்வர்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையுடன் இராக் சென்று திரும்பும் வழியில், பஸ்ராவின் ஆளுநராயிருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் ஆளுநரிடம் இருந்தது. அதை அவர் இவ்விருவருக்கும் கடனாகக் கொடுத்தார். இராக்கின் சரக்குகளை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்துவிட்டு, இலாபத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வாறே அவர்கள் விற்று இலாபம் ஈட்டினர்.

உமர் (ரலி) அவர்களோ, படையினர் அனைவருக்கும் இதுபோல் கடன் வழங்கப்பட்டதா என்று வினவினார்கள். இல்லை என்றதும், முதலையும் இலாபத்தையும் சேர்த்துப் பொதுநிதியில் செலுத்துமாறு உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் மௌனம் காத்தார். உபைதுல்லாஹ் மட்டும் ஒரு வாதத்தை முன்வைத்தார்: இந்தப் பணம் வழியில் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடுசெய்திருப்போம்? அவையிலிருந்த ஒருவர், இதனை கிராள் ஒப்பந்தமாக ஆக்கிவிடலாமே என்று யோசனை கூறினார். கலீஃபா அதனை ஏற்று, முதலையும் இலாபத்தில் பாதியையும் பொதுநிதிக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியைப் புதல்வர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குங்கள். ஓர் ஊரின் பணம் சரக்காக மாறி மற்றோர் ஊரில் மீண்டும் பணமாகிறது. இன்று வங்கிகள் வணிக நிதியுதவி என்று சொல்வதன் கருப்பொருள் இதுவே. இலாபம் யாருக்கு என்ற வழக்கு எழுந்தபோது, உபைதுல்லாஹ் எடுத்துவைத்த ஆதாரம் உழைப்பன்று, நட்டப் பொறுப்பு. பொருளின் பொறுப்பைச் சுமப்பவருக்கே அதன் பலன் உரியது என்பதும், தம் பொறுப்பில் வராத பொருளிலிருந்து இலாபம் அடையக் கூடாது என்பதும் நபிமொழிகளிலிருந்து நாம் பெறும் சட்டங்கள். ஃபிக்ஹு நூல்கள் இப்பொறுப்பை 'ளமான்' என்கின்றன. வட்டிக்கும் வணிகத்திற்கும் இடையிலுள்ள எல்லைக்கல் இதுதான்.

வணிகர்கள் சுமந்து சென்ற ஒப்பந்தம்

மதீனாவாசிகள் கிராள் என்றதை இராக்கியர் முளாரபா என்றனர். ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதத்தில் பங்கிடப்படும். நட்டம் வந்தால் முதல் தந்தவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இஸ்லாத்திற்கு முன்பே மக்காவின் வணிகக் கூட்டங்கள் இம்முறையை அறிந்திருந்தன. நபி (ஸல்) அவர்கள் தமது இளமையில் கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளுடன் ஷாம் தேசம் சென்று வந்ததை நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

பின்னர் செங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் வணிகம் செய்தோர் இந்த ஒப்பந்தத்தைத் துறைமுகம்தோறும் எடுத்துச் சென்றனர். கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனீஸா ஆவணங்களில், எகிப்தின் யூத வணிகர்களும் இதனைக் கையாண்டதற்குச் சான்றுகள் உள்ளன. இத்தாலியத் துறைமுகங்களில் வழங்கிய 'கொமெண்டா' ஒப்பந்தமும் இதனைப் பெரிதும் ஒத்திருந்தது.

எல்.சி. என்னும் புதிய சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் வணிகம் ஐரோப்பிய வங்கிகளின் கைக்குள் வந்தது. விற்பவரும் வாங்குபவரும் முகமறியாதவர்கள் ஆயினர். சரக்கை அனுப்பினால் பணம் வருமா என்பது ஒருவரின் அச்சம். பணத்தைக் கொடுத்தால் சரக்கு வருமா என்பது மற்றவரின் அச்சம். இவ்விரு அச்சங்களையும் போக்க வங்கி நடுவே நின்றது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணங்களை ஒப்படைத்தால் பணம் தருகிறேன் என்று விற்பவருக்கு அது எழுதிக்கொடுக்கும் உறுதியே, வணிகர்கள் எல்.சி. என்று சொல்லும் கடனுறுதிக் கடிதம்.

இதில் வங்கிக்கு இரு வழிகளில் வருமானம் வருகிறது. முதலாவது, உறுதி வழங்கியதற்கும் ஆவணங்களைச் சரிபார்த்ததற்குமான கட்டணம். இரண்டாவது, இறக்குமதியாளரிடம் உடனே பணம் இல்லாதபோது வங்கி முன்னதாகச் செலுத்தும் தொகைக்கான வட்டி. வெளிநாட்டு வணிகம் செய்ய விரும்பிய முஸ்லிமுக்கு, இந்த வாயிலைத் தவிர்த்து வேறு வாயில் ஏறத்தாழ இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

1975: ஒரு திருப்பம்

எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963ஆம் ஆண்டு அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய வட்டியில்லாச் சேமிப்பு வங்கி, எளிய மக்களின் சிறுசேமிப்பை நாடியது. கடல்கடந்த வணிகத்திற்கு விடை வேண்டியிருந்தது. 1975இல் இரு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று, வணிகர் ஸயீத் பின் அஹ்மத் அல்லூத்தா துறைமுக நகரமான துபாயில் நிறுவிய துபாய் இஸ்லாமிய வங்கி. மற்றொன்று, முஸ்லிம் நாடுகள் கூடி ஜித்தாவில் அமைத்த இஸ்லாமிய வளர்ச்சி வங்கி. உறுப்பு நாடுகளின் இறக்குமதிகளுக்கு நிதியளிப்பது இதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக வளர்ந்தது. இன்று அப்பணிக்கென்றே அதன் குழுமத்தில் தனி நிறுவனம் உள்ளது.

எந்த ஒப்பந்தத்தின் மீது இவ்வணிகத்தைக் கட்டுவது? 1976இல் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் சாமீ ஹமூத் என்னும் ஜோர்தானிய அறிஞர் சமர்ப்பித்த ஆய்வு ஒரு வழி காட்டியது. வாங்கிய விலையையும் தமது இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பதே முராபஹா. அதை விரிவாக்கி, வாடிக்கையாளர் கேட்கும் சரக்கை வங்கியே வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணையில் அவருக்கே விற்கலாம் என்றார் அவர்.

இதற்கான வேர் நம் மத்ஹபின் மூல நூலிலேயே இருக்கிறது. இதை வாங்குங்கள், உங்களுக்கு இவ்வளவு இலாபம் தருகிறேன் என்று ஒருவர் மற்றொருவரிடம் கேட்பதை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 'அல்உம்மு' நூலில் ஆராய்ந்து அனுமதித்துள்ளார்கள். ஆனால் கேட்டவருக்குப் பின்னர் வாங்கவும் விலகவும் உரிமை உண்டு என்று நிபந்தனை விதித்தார்கள். கேட்டவர் விலகிவிட்டால் வங்கியின் கதி என்ன? 1979இல் துபாயில் கூடிய இஸ்லாமிய வங்கிகளின் மாநாடு, வாக்குறுதியைக் கட்டுப்படுத்தக்கூடியதாக ஆக்கலாம் என்றது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஒரு தரப்பின் வாக்குறுதி கட்டுப்படுத்தலாம், இரு தரப்பையும் ஒருசேரக் கட்டுப்படுத்தலாகாது என்று வரையறுத்தது. சரக்கு முதலில் வங்கியின் உடைமையில் வந்தாக வேண்டும் என்பதில் சமரசம் இல்லை.

இலாபம் எவ்வாறு வருகிறது?

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இறக்குமதியாளர் ஒருவருக்கு 10 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள பஞ்சு தேவை. வங்கி அதை வாங்கி, ஆறு மாதத் தவணையில் 10,40,000 ரூபாய்க்கு விற்கிறது. ஆறு மாதத்தில் பணம் திரும்பியதும் மற்றொரு சரக்கில் இறங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு சுற்று வந்தால் 80,000 ரூபாய். ஆவணங்களைக் கையாளும் பணிக்குக் கட்டணமும் உண்டு. குறுகிய காலம், கண்ணால் காணத்தக்க சரக்கு, விரைவாகத் திரும்பும் முதல் ஆகியவற்றால்தான் இஸ்லாமிய வங்கிகள் இத்துறையை விரும்பித் தேர்ந்தன. நீண்ட காலப் பங்குத் தொழில்களைவிட முராபஹாவே அவர்களின் ஏடுகளில் பெரும்பகுதியை நிரப்பியதும் இதனால்தான்.

ஆனால் இந்த இலாபத்திற்கு ஒரு விலை உண்டு. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் பஞ்சு நனைந்து கெட்டால் அது வங்கியின் நட்டம். விற்ற பின் தவணை தவறினால், 10,40,000 என்பதில் ஒரு ரூபாயும் கூட்டித் தன் வருமானத்தில் சேர்க்க வங்கிக்கு உரிமை இல்லை. வேண்டுமென்றே தாமதிப்பவரிடம் வசூலிக்கும் தொகையும் அறப்பணிக்கே செல்ல வேண்டும். வட்டி வங்கிக்கோ தாமதமே வருமானம். வேறுபாடு எங்கே என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

வங்கி சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்துத் தன் இலாபத்தை நிர்ணயிப்பதுண்டு. அதனால் மட்டும் விற்பனை ஹராமாகிவிடாது, எனினும் அது விரும்பத்தக்கதல்ல என்பது முஃப்தி தகீ உஸ்மானீ அவர்களின் கருத்து.

வழுக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, ஜாமீன் கட்டணம். ஒருவருக்காகப் பொறுப்பேற்பது ஷரீஆவின் பார்வையில் உபகாரம். ஜாமீன் நின்றவர் பணத்தைச் செலுத்த நேர்ந்தால் அது கடனாகிவிடும். அதற்குக் கூலி பெற்றிருந்தால் கடனுக்குப் பெற்ற ஆதாயமாகிவிடும். ஆகவே 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமி, பொறுப்புறுதிக் கடிதத்தில் உறுதிக்கென்று கட்டணம் கூடாது, அலுவல் செலவுக்குரியதைப் பெறலாம் என்று தீர்மானித்தது. 1983இல் தொடங்கிய மலேசியாவின் பேங்க் இஸ்லாம், வகாலா, முஷாரகா, முராபஹா ஆகிய மூன்று அடிப்படைகளில் எல்.சி. வழங்கியது. வகாலாவில் முகவராக உழைப்பதற்குக் கூலி. முஷாரகாவில் பங்காளியாக இலாபம். முராபஹாவில் விற்பவராக இலாபம். மூன்றிலும் வருமானத்திற்கு ஒரு வேலையோ பொறுப்போ ஈடாக நிற்கிறது.

இரண்டாவது, ஏற்பாட்டுத் தவர்ருக். சரக்கே தேவைப்படாத ஒருவருக்குப் பணம் தருவதற்காக, வங்கி ஓர் உலோகத்தைத் தவணைக்கு விற்று, அவர் சார்பில் தானே அதை உடனே ரொக்கத்திற்கு விற்றுக்கொடுக்கிறது. காகிதத்தில் வணிகம், உண்மையில் பணத்திற்குக் கூடுதல் பணம். பொறுப்பும் இல்லை, சரக்கை விரும்புவோரும் இல்லை. 2009 ஏப்ரலில் ஷார்ஜாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமி இதனைக் கூடாதென்று அறிவித்தது. ஆயினும் பல நாடுகளில் இது இன்றும் நடக்கிறது. "இரண்டும் ஒன்றுதானே" என்ற ஐயத்திற்கு உணவூட்டி வளர்த்தவை இத்தகைய நடைமுறைகளே.

நமக்கு என்ன?

இந்தியாவில் இரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தும், ரிசர்வ் வங்கி 2017இல் அம்முயற்சியைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. இலங்கையில் அமானா வங்கி 2011 முதல் முழுமையான இஸ்லாமிய வங்கியாக இயங்கி வருகிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் பணிபுரியும் நம் குடும்பங்கள் பல, இஸ்லாமிய வங்கிகளில் பணம் வைத்திருக்கின்றன. முளாரபா கணக்கில் நாம் வைக்கும் பணமே அங்கே பஞ்சாகவும் அரிசியாகவும் மாறுகிறது. அந்த இலாபத்தின் பங்கே நம் வீட்டு உணவாகிறது. எனவே கேட்டறிவது நம் கடமை.

எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். சரக்கு எப்போது வங்கியின் உடைமைக்கு வந்தது? அது வழியில் அழிந்தால் நட்டம் யாருக்கு? தவணை தவறினால் கடன் கூடுமா? இம்மூன்றையும் கேளுங்கள். நேரான விடை கிடைத்தால் அது வணிகம். மூன்றிலும் பொறுப்பு முழுவதும் வாடிக்கையாளர் தலையிலேயே விழுந்தால், அரபுப் பெயர் சூட்டியதால் மட்டும் அது ஹலாலாகிவிடாது. உமர் (ரலி) அவர்களின் அவையில் எழுந்த வழக்கு இன்றும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.