மும்பையில் 'பாஸ்' மீன் பிடிக்க ஆசையா? கொடுவாவுக்கு எந்த ராட், எந்த நரம்பு, எந்த நேரம்?

யூடியூபில் 'பாஸ் ஃபிஷிங்' என்று தேடினால் வரிசையாக வந்து விழுவது அமெரிக்க வீடியோக்கள்தான். அமைதியான ஏரி, பளபளக்கும் படகு, பெட்டி பெட்டியாகப் போலி இரைகள். அதைப் பார்த்த சூட்டோடு ஆன்லைனில் ஒரு 'பாஸ் காம்போ' ஆர்டர் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மீன் மும்பையில் கிடையாது.

ஆனால் பாஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் துரத்தும் இன்னொரு மீன் நம் கடலோரத்திலேயே இருக்கிறது. நம்ம ஊர் கொடுவா. மராத்தியில் 'ஜிதாடா', கோவாவில் 'சோனாக்', வங்காளத்தில் 'பேட்கி', ஆஸ்திரேலியாவில் 'பாராமுண்டி'. ஆங்கிலத்தில் இதை 'ஏசியன் சீ பாஸ்' என்கிறார்கள்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருந்துகொண்டு வார இறுதியில் இந்த மீனைத் தேடிப் போக என்னென்ன வேண்டும்? எங்கே காசு செலவழிக்கலாம், எங்கே வேண்டாம்? பார்ப்போம்.

அமெரிக்க பாஸும் கொடுவாவும் ஒன்றா?

இல்லை. அமெரிக்க வீடியோக்களில் வரும் 'லார்ஜ்மவுத் பாஸ்' நன்னீர் மீன். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. ஜப்பான் 2005-ல் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, உயிருடன் எடுத்துச் செல்வதற்கே தடை போட்டது. எனவே 'எங்காவது குஞ்சு வாங்கி ஏரியில் விடலாமே' என்ற யோசனையே வேண்டாம்.

கொடுவா வேறு ரகம். கடல், கழிமுகம், உப்பங்கழி, ஆறு எல்லாவற்றிலும் வாழும். முட்டையிட மட்டும் உப்புத்தண்ணீர் வேண்டும். அலையாத்தி வேர்கள், பாலத் தூண்கள், பாறை இடுக்குகள் அருகே மறைந்து நின்று, தண்ணீரோடு வரும் மடவையையும் இறாலையும் 'லபக்' என்று உறிஞ்சி விழுங்கும். துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதுதான் இதன் பழக்கம்.

இந்தப் பழக்கம் புரிந்துவிட்டால் கருவியும் உத்தியும் தானாகப் புரியும்.

எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது?

தாராவி ஒரு காலத்தில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய கோலி மீனவர் கிராமம். தாராவி கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆற்றில் பல ஆண்டுகளாகச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் சேர்கின்றன. அங்கே தூண்டில் போட்டுப் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

செம்பூர்க்காரர்களுக்குப் பக்கம் மாஹுல், டிராம்பே, தானே கழிமுகம். பார்க்க அழகான இடம். ஆனால் தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 முதல் ஃபிளமிங்கோ சரணாலயம், 2022 முதல் ராம்சர் தலம். சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். அலையாத்தி மரங்களை வெட்டுவதும் ஒடிப்பதும் குற்றம். 'வீச வசதியாக ஒரு கிளையை மட்டும்' என்றாலும் அதே கதைதான்.

நன்னீரில் பழக வேண்டுமென்றால் பவாய் ஏரி இருக்கிறது. மகாராஷ்டிரா மாநிலத் தூண்டில் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. ரோகு, கட்லா போன்ற மீன்கள் உண்டு, முதலைகளும் உண்டு. அனுமதி, உறுப்பினர் விதிகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கொடுவாவுக்கு நல்ல தேர்வு, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ராய்கட் மாவட்டம். அலிபாக், ரேவ்தண்டா பக்கம் ஜிதாடா என்றால் விருந்துக்கான மீன். ரேவ்தண்டாவில் குண்டலிகா ஆறு கடலில் சேரும் கழிமுகம் இருக்கிறது.

போவது எப்படி? செம்பூரிலிருந்தும், மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு. அங்கிருந்து 'பாவுச்சா தக்கா' எனும் படகுத்துறை பக்கம்தான். 2020 முதல் அங்கிருந்து மாண்ட்வாவுக்கு ரோ-ரோ கப்பல் ஓடுகிறது. மாண்ட்வாவில் இருந்து அலிபாக் சாலை வழியே சுமார் 20 கிலோமீட்டர்.

என்ன வாங்க வேண்டும்?

*ராட்:* 7 முதல் 8 அடி நீளம், 'மீடியம் ஹெவி' வகை ஸ்பின்னிங் ராட். 10 முதல் 40 கிராம் வரை வீசலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மெல்லிய ஏரி ராட் போதாது. கொடுவா கடித்தவுடன் வேருக்குள்ளோ தூணுக்குப் பின்னாலோ ஓடப் பார்க்கும். அதைத் திருப்ப ராடின் அடிப்பகுதியில் பலம் வேண்டும். ரயிலில் போகிறவர்களுக்கு இரண்டாகவோ நான்காகவோ பிரியும் 'டிராவல்' ராட் வசதி.

*ரீல்:* 3000 அல்லது 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 'டிராக்' எனும் பிரேக் விக்கி விக்கிப் போகாமல் சீராக நழுவுகிறதா, உப்புத்தண்ணீருக்கு ஏற்றதா என்பதை மட்டும் பாருங்கள். பட்ஜெட் இடித்தால் ராடில் குறைத்துக்கொள்ளுங்கள், ரீலில் குறைக்காதீர்கள்.

*நரம்பு:* ஊரில் தங்கூஸ் என்று சொல்லும் ஒற்றை இழை நரம்பு கொஞ்சம் நீளும். இங்கே பின்னல் நரம்பான 'பிரெய்டு' நல்லது. 20 முதல் 30 பவுண்டு தாங்கும் ரகம், சுமார் 150 மீட்டர். மெல்லியது என்பதால் தூரம் போகும். மீன் லேசாகத் தொட்டாலும் கையில் தெரியும்.

*லீடர்:* புதிதாக வருபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடி கத்தி. பிரெய்டை நேராக முள்ளில் கட்டினால் அறுந்து போகும். எனவே பிரெய்டின் நுனியில் 40 முதல் 60 பவுண்டு ஒற்றை இழை நரம்பை ஒரு மீட்டர் அளவுக்குக் கட்டுங்கள். இரண்டையும் இணைக்க 'டபுள் யூனி' முடிச்சு போதும். கை பழகிய பிறகு 'எஃப்ஜி' முடிச்சுக்குப் போகலாம்.

*போலி இரை:* பெட்டி நிறைய வேண்டாம். மூன்று வகை போதும்.

- 4 முதல் 5 அங்குல ரப்பர் மீன், அதற்கு 10 முதல் 20 கிராம் ஜிக் ஹெட். வால் அகலமாக இருக்கட்டும். மும்பைக் கடல் கலங்கல் என்பதால் கொடுவா கண்ணால் மட்டுமல்ல, அதிர்வாலும் இரையை உணர வேண்டும்.
- 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள மிதக்கும் 'மின்னோ'. பாறையும் வேரும் உள்ள இடத்தில், இழுப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும், சிக்காது.
- தண்ணீர் மேல் ஓடும் ஒரு 'டாப் வாட்டர்'. விடியற்காலைக்கும் அந்திக்கும்.

*உயிர் இரை போடுவதாக இருந்தால்:* இறால் அல்லது சின்ன மடவை, கூடவே 'சர்க்கிள்' முள். இது மீனின் வாயோரத்தில் மாட்டும், வயிற்றுக்குள் போவது குறைவு. இதில் ராடைச் சுண்டக் கூடாது. நரம்பு இறுகியதும் நிதானமாகச் சுற்றினால் போதும்.

டிராக் எவ்வளவு இறுக்குவது?

நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு. 20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ. அப்படியானால் டிராக் 2 முதல் 2.5 கிலோ. இதை அளக்க, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு வீட்டில் இருக்குமே, அதே போதும். நரம்பை அதில் மாட்டி, ராடை வளைத்து இழுங்கள். அந்த எடையில் ரீல் நரம்பை விட ஆரம்பித்தால் சரி.

எப்போது போவது?

கருவியைவிடக் கடிகாரம் முக்கியம். மும்பையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஞாயிறு காலை 6 மணிக்குப் போனேன், ஒன்றும் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் போனவர்கள்.

தண்ணீர் ஓடினால்தான் பதுங்கி நிற்கும் மீனுக்குச் சாப்பாடு வரும். குறிப்பாக வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம். அலையாத்திக்குள் ஏறியிருந்த தண்ணீர் சின்னச் சின்ன ஓடைகளாக வடியும்போது இறாலும் மடவைக் குஞ்சும் கூடவே வெளியே வந்தாக வேண்டும். அந்த ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். அடுத்த நல்ல நேரம், ஏற்றம் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓட்டம் அதிகம், கலங்கலும் அதிகம். இடைப்பட்ட நாட்களில் தண்ணீர் சற்றுத் தெளியும். போலி இரை போடுபவர்கள் தெளிந்த நாட்களில் தொடங்குவது நல்லது.

எப்படி வீசுவது, எப்படி இழுப்பது?

1. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம், சற்றுக் குறுக்காக வீசுங்கள். இரை ஓட்டத்தோடு இறங்கி, மீன் நிற்கும் நிழலைக் கடந்து வர வேண்டும். பலமான ஓட்டத்தில் குஞ்சு மீன்கள் பெரும்பாலும் ஓட்டத்தோடுதான் வரும்.
2. ரப்பர் மீனைத் தரை தொட விடுங்கள். ராட் நுனியால் இரண்டு தட்டு, பிறகு நிறுத்துங்கள். நரம்பு தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடி விழுவது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான்.
3. ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து தடவை வீசலாம். கோணத்தை மட்டும் மாற்றுங்கள்.
4. கடித்தவுடன் முதல் சில விநாடிகள்தான் போராட்டமே. ராடைப் பக்கவாட்டில் சாய்த்து மீனை வேரிலிருந்து வெளியே திருப்புங்கள்.
5. கொடுவா துள்ளும். துள்ளும்போது ராடைத் தூக்காமல் நுனியைத் தாழ்த்துங்கள். இறுகிய நரம்பில் தலையை உதறினால் முள் கழன்றுவிடும்.

பெரிய மீனை ஏன் விட வேண்டும்?

கொடுவா பிறப்பில் பெரும்பாலும் ஆண். சில ஆண்டுகள் ஆணாக இனப்பெருக்கம் செய்துவிட்டு, பெரிதானதும் பெண்ணாக மாறும். அதாவது நீங்கள் பிடித்த மிகப்பெரிய மீன் ஏறக்குறைய நிச்சயமாகப் பெண். ஒரு பெரிய பெண் மீன் பத்து லட்சக் கணக்கில் முட்டையிடும். ஃபோட்டோவுக்காக அதைக் கொன்றால் அந்தக் கழிமுகத்தின் தாய் மீன் போய்விடும்.

இதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, கிழக்குக் கடற்கரையில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் எடுத்துச் செல்லத் தடை விதித்திருக்கிறது. நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: சின்னதை விடு, மிகப் பெரியதையும் விடு, நடுத்தரம் ஒன்று வீட்டுக்குப் போதும்.

விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். மீனைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். செவுளுக்குள் விரல் விடவே கூடாது, உங்கள் விரலுக்கும் ஆபத்து. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கி வைத்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை.

கொடுவா சாப்பிட மட்டும்தான் ஆசை என்றால் சந்தையில் வளர்ப்புக் கொடுவா கிடைக்கும். 1997-ல் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் இந்த மீனின் செயற்கை இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டது. அதன் பிறகு குஞ்சு கிடைப்பது எளிதானது.

பாதுகாப்பு: இதைத் தவிர்க்காதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. ஏற்றம் முடிய சுமார் ஆறு மணி நேரம். அதில் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் ஏறிவிடும். 4 மீட்டர் ஏற்றம் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் 2 மீட்டர், ஓர் ஆள் உயரத்துக்கு மேல். நீங்கள் நடந்து போன பாறையும் சேறும் திரும்பும்போது இருக்காது. லோ டைட் நேரத்துக்கு ஃபோனில் அலாரம் வையுங்கள். அடித்தால் கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

- 2016-ல் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் உயிர்கள் பறிபோன பிறகு மும்பை போலீஸ் ஆபத்தான இடங்களை 'செல்ஃபி தடை' பகுதிகளாக அறிவித்தது. தூண்டிலுக்கும் அவை ஆபத்தான இடங்கள்தான். மெரின் டிரைவ் டெட்ராபாடுகளும் அப்படியே.
- மழைக்காலத்தில் போகாதீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மகாராஷ்டிராவில் வழக்கமாக இயந்திரப் படகு மீன்பிடிக்கே தடை. மீனவர்களே கரையில் இருக்கும்போது நமக்கென்ன அவசரம்?
- கழிமுகத்தில் கொடுவாவைவிடக் கெளிறுதான் அதிகம் மாட்டும். அதன் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள்ளில் விஷம். இடுக்கி இல்லாமல் தொடாதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.
- தனியாகப் போக வேண்டாம். லைஃப் ஜாக்கெட், பிடிமானமுள்ள காலணி, துருவப்படுத்திய கண்ணாடி, தண்ணீர் பாட்டில் அவசியம்.
- அறுந்த நரம்பைத் தண்ணீரில் விடாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு

ஒரு ராட், ஒரு ரீல், ஒரு சுருள் பிரெய்டு, ஒரு சுருள் லீடர், ஆறு ரப்பர் மீன், இரண்டு மின்னோ, ஒரு இடுக்கி. இவ்வளவுதான். மிச்சம் பிடித்த காசில் ஒரு நாள் உள்ளூர் கோலி படகுக்காரரோடு போய்ப் பாருங்கள். எந்த ஓடை எப்போது வடியும், எந்தத் தூண் அடியில் மீன் நிற்கும் என்பது எந்த ஆப்பிலும் இல்லை. 'ஜிதாடா குடே மிளேல்?' என்று மராத்தியில் ஒரு கேள்வி கேட்டால் பேச்சு தொடங்கிவிடும்.