ஆன்டிவைரஸ் இருக்கு... ஃபயர்வாலும் தனியா வேணுமா? - வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு கைடு!

`ஆன்டிவைரஸ் போட்டாச்சு. காசு கட்டி ஒரு வருஷத்துக்கு லைசென்ஸும் வாங்கியாச்சு. இனிமே என்ன பயம்?' - வீட்டில் கம்ப்யூட்டரோ, லேப்டாப்போ வைத்திருக்கும் பலருடைய நினைப்பு இதுதான். ஆனால், ரெனீவல் நேரத்தில் `ஃபயர்வாலோட சேர்த்து வாங்குங்க, கூடுதல் பாதுகாப்பு' என்று ஒரு விளம்பரம் எட்டிப்பார்க்கும்போது குழப்பம் ஆரம்பிக்கும். வாங்கணுமா, வேண்டாமா? இருப்பதே போதுமா? ரெண்டு இருந்தா இன்னும் நல்லதா? ஒவ்வொன்றாகப் பார்த்துடலாம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆன்டிவைரஸ், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபைல்களையும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களையும் சோதிக்கும். பென் டிரைவில் வந்ததோ, மெயிலில் வந்ததோ, ஏதாவது ஒரு ஃபைல் தப்பாகத் தெரிந்தால் பிடித்து ஓரங்கட்டும்.

ஃபயர்வாலின் வேலை வேறு. அது ஃபைலைப் பார்க்காது, இணைப்பைப் பார்க்கும். நெட்வொர்க்கில் பேசிக்கொள்வதற்காக கம்ப்யூட்டரில் `போர்ட்' எனப்படும் வாசல்கள் உண்டு. 0 முதல் 65,535 வரை அவற்றுக்கு நம்பர் இருக்கிறது. எந்த வாசல் வழியாக யார் உள்ளே வரலாம், உள்ளேயிருந்து யார் வெளியே போகலாம் என்று முடிவுசெய்வதுதான் ஃபயர்வால். அப்பார்ட்மென்ட் கேட்டில் `யாரைப் பார்க்கணும், அவங்க வரச் சொன்னாங்களா?' என்று கேட்கும் வாட்ச்மேன் மாதிரி. ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் இருக்கக் கட்டும் சுவரின் பெயர்தான் இதற்கும் வந்தது.

க்ளிக் பண்ணாமலே வந்த வினை!

`நான் கண்ட லிங்க்கையும் க்ளிக் பண்ண மாட்டேனே, எனக்கு எதுக்கு வாட்ச்மேன்?' என்று கேட்கலாம். 2003 ஆகஸ்ட்டில் பரவிய `பிளாஸ்டர்' இதற்குப் பதில் சொல்லும். அதற்கு யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. இன்டர்நெட்டில் இணைந்திருந்த, அப்டேட் செய்யாத விண்டோஸ் எக்ஸ்.பி., விண்டோஸ் 2000 கம்ப்யூட்டர்களில் 135-ம் நம்பர் போர்ட் வழியாகத் தானாகவே நுழைந்தது. இத்தனைக்கும் எக்ஸ்.பி-யிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால், அது `ஆஃப்' நிலையில் வந்ததால், பலர் அதை ஆன் செய்யவே இல்லை. அடுத்த வருடம், 2004 ஆகஸ்ட்டில் வெளியான சர்வீஸ் பேக் 2-ல்தான் ஃபயர்வாலைத் தானாகவே ஆன் ஆகும்படி மாற்றியது மைக்ரோசாஃப்ட்.

2017 மே 12-ல் பரவிய `வான்னாக்ரை'யும் இதே ரகம்தான். 445-ம் நம்பர் போர்ட் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது என்பதுதான் வேதனை. புதிதாக வரும் வைரஸை ஆன்டிவைரஸ் அடையாளம் கண்டுகொள்ள சிலசமயம் தாமதமாகலாம். ஆனால், வாசலே மூடியிருந்தால் அதற்குள் நுழையவே வழி இருக்காது.

உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு!

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்வால் உள்ளேயே இருக்கிறது. ஆன் செய்தபடிதான் வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் `விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, `ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று இருக்கும். மூன்றிலும் `ஆன்' என்று இருக்க வேண்டும். ஆப்பிள் மேக்கிலும், உபுண்டுவிலும்கூட ஃபயர்வால் உண்டு. ஆனால் அவற்றில் வழக்கமாக நாம்தான் ஆன் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டு வைஃபை ரௌட்டரும் ஒரு காவல்தான். நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பெரும்பாலும் அதுவே வாசலில் நிறுத்திவிடும். ஆனால், அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் ரௌட்டரால் தடுக்க முடியாது. அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபயர்வால்தான் கைகொடுக்கும்.

அப்புறம் தனியா எதுக்கு?

விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமான செட்டிங்கில் உள்ளே வருபவர்களைத்தான் கேள்வி கேட்கும். வெளியே போவதை அனுமதித்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் எப்படியோ புகுந்துவிட்ட உளவு புரோகிராம், நீங்கள் டைப் செய்த பாஸ்வேர்டை வெளியே அனுப்பினால் அது குறுக்கே நிற்காது. தனி ஃபயர்வால்களின் முக்கியமான பலமே இங்கேதான். `இந்த புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போகப் பார்க்குது, விடலாமா?' என்று உங்களைக் கேட்கும். எந்த புரோகிராம் எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று கிளாஸ்வயர் போன்றவை வரைபடமாகவே காட்டும். டைனிவால் போன்றவை பாப்-அப் தொல்லை இல்லாமல், நீங்கள் அனுமதித்தவற்றை மட்டும் வெளியே விடும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. புரியாத பெயரில் கேள்வி மேல் கேள்வி வந்தால், நாலாவது நாளே எல்லாத்துக்கும் `அலவ்' கொடுத்துடுவோம். அதற்கு ஃபயர்வால் இல்லாமலே இருக்கலாம். பயந்துபோய் எல்லாவற்றையும் `பிளாக்' செய்தால், பிரின்டர் வேலை செய்யாது, அப்டேட் வராது. பொறுமையாகப் படித்துப் பார்த்து பதில் சொல்வீர்கள் என்றால் தனி ஃபயர்வால் நல்ல துணை. இல்லையென்றால், விண்டோஸில் இருப்பதே போதும்.

ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் ஒன்றாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ரெண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம். ரெண்டு ஃபயர்வாலும் வேண்டாம். ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிட்டு, கம்ப்யூட்டர் மெதுவாகும்; நெட் கட்டாகும். பல செக்யூரிட்டி பேக்கேஜ்கள் விண்டோஸ் ஃபயர்வாலின் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். லைசென்ஸ் முடிந்தாலோ, அன்-இன்ஸ்டால் செய்தாலோ, விண்டோஸ் ஃபயர்வால் மறுபடி `ஆன்' ஆகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இதையெல்லாம் மறக்காதீங்க!

* ஹோட்டல், ரயில்வே ஸ்டேஷன், ஹாஸ்டல் வைஃபையில் இணையும்போது `பப்ளிக்' என்பதையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் பிரின்டர், ஃபைல் ஷேரிங் தேவைப்பட்டால் மட்டும் `பிரைவேட்' போதும்.

* `இன்ஸ்டால் செய்யும் முன் ஃபயர்வாலை ஆஃப் செய்யவும்' என்று திருட்டு கேம், திருட்டு சாஃப்ட்வேர் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாட்ச்மேனை அனுப்பிவிட்டு வருபவர் நல்லவராக இருக்க மாட்டார்.

* ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, வாங்கும்போது இருந்ததேவா? இன்றே மாற்றுங்கள்.

* அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

* குடும்ப போட்டோ, சான்றிதழ்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

கடைசியா ஒண்ணு...

போனில் பேசி ஓ.டி.பி வாங்குபவரை எந்த ஃபயர்வாலாலும் தடுக்க முடியாது. பிரவுசரில் திடீரென, `உங்கள் ஃபயர்வால் செயலிழந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்' என்று அலாரம் அடித்தால், அது மோசடி. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பருக்கு அழைத்தால், உதவி செய்வதாகச் சொல்லி உங்கள் கம்ப்யூட்டரையே அவர் கைக்குக் கொண்டுபோய்விடுவார். பிரவுசரை மூடிவிடுங்கள். தெரியாமல் பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்க... ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, உங்கள் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் `ஆன்'ல இருக்கான்னு பாருங்க. அப்படியே ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்த்துடுங்க!