பெயருக்கு விட்ட இடம்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்தபோது, மூன்று ஆண்டுகளாக நான் வேலை பார்த்துவந்த திரை காணாமல் போயிருந்தது. மென்பொருள் அதேதான். ஆனால் இடதுபக்கம் வரிசையாக இருந்த மெனு இல்லை, விதிகளை எழுதும் பக்கம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டே கை போகும் இடத்தில் இருந்த பச்சை பட்டனும் இல்லை. எல்லாவற்றையும் உங்களுக்காக எளிமையாக்கியிருக்கிறோம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி மட்டும் நடுவில் மிதந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுக் கடைகளுக்காக விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனத்தில் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் பெயர், ஊர், போன மாதம் வாங்கியது, பார்த்துவிட்டு வாங்காமல் விட்டது எல்லாவற்றையும் சேர்த்து, அவருக்கென்றே எழுதியதுபோல ஒரு கடிதம் போகும். இதற்குப் பெயர் பர்சனலைசேஷன். பெறுபவர், கடைக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது என்று நினைப்பார்; அல்லது ஏதோ ஒரு கணினி தானாக அனுப்புகிறது என்று நினைப்பார். நடுவில் நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். அதில் ஐந்து பேர் பெண்கள்.

புதிய திரைக்கான பயிற்சி என்பது 40 நிமிட வீடியோ ஒன்று. மீதியை நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டோம். அந்த மாதம் முழுக்கத் தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தோம். டைம்ஷீட்டில் அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுத ஒரு தலைப்பு இல்லை. மீட்டிங், கேம்பெய்ன், ரிப்போர்ட், தேநீர் இடைவேளைக்குக்கூடத் தலைப்பு உண்டு. ஏற்கெனவே தெரிந்த வேலையை மறுபடி கற்றுக்கொள்வதற்குத்தான் இல்லை.

வீட்டில் அம்மாவிடம் புலம்பினேன். "மிஷின் மாறிட்டு, அவ்வளவுதானட்டி? எங்களுக்கு எத்தன தடவ மாறிச்சு" என்றாள். அம்மா திருநெல்வேலியில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு 1979-இல் ஒரு சீட்டுக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். சீட்டு கட்டுபவர்களுக்கு மாதாமாதம் கடிதம் போகும். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் ஐந்நூறு பிரதி ஓட்டி, மேலே பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு பெயராக டைப் அடிப்பது அம்மாவின் வேலை. புது ரிப்பன் போட்டால் பெயர் மட்டும் கறுப்பாக எடுத்துக்காட்டிவிடும். அதனால் பாதி தேய்ந்த ரிப்பனை இதற்கென்றே எடுத்து வைத்திருப்பாளாம். வரி நூல் பிடித்ததுபோல நேராக விழ வேண்டும். பார்ப்பவருக்குக் கடிதம் முழுவதும் தனக்கென்று அடித்ததாகவே தோன்ற வேண்டும். சீட்டு கட்டிய பெண்கள் பலருக்குக் கணவர் பெயரில்தான் கடிதம் போகும் என்பதையும் சொன்னாள். பணம் இவர்களுடையது, பெயருக்கு விட்ட இடம் அவர்களுடையது.

ஆக, நான் செய்யும் வேலையை அம்மா 45 ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறாள். இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

படிக்கப் படிக்கக் கதை அமெரிக்காவுக்குப் போனது. 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டைப்ரைட்டர், பார்வைக்குத் தையல் மிஷின் மாதிரி இருந்தது. அந்த நிறுவனம் தையல் மிஷினும் செய்துகொண்டிருந்தது. உடம்பில் பூ வேலைப்பாடு. கேரியேஜைத் திருப்பக் காலால் மிதிக்கும் பெடல். பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும். 1878-இல் வந்த இரண்டாவது மாடலில் ஷிஃப்ட் கட்டை வந்தது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே கட்டையில். போட்டிக்கு வந்த காலிகிராஃப் மிஷினிலோ இரண்டுக்கும் தனித்தனிக் கட்டைகள். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறும்.

இங்கேதான் ஒரு பெண்ணின் பெயர் கண்ணில் பட்டது. சின்சினாட்டி நகரில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் சொல்லிக்கொடுத்த மார்கரெட் லாங்லி, எல்லா விரல்களையும் பயன்படுத்தி அடிக்கும் முறையை 1882-இல் ஒரு பாடப் புத்தகமாகவே வெளியிட்டார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இயங்கியவர் அவர். மிஷினை வடிவமைத்தவர்கள் விரலைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. விரல்களை மிஷினுக்குப் பழக்கும் வழியை இந்த ஆசிரியை எழுதிவைத்தார். ஆனால் தட்டச்சு வரலாறுகள் விரிவாகப் பேசுவது 1888 ஜூலை 25 அன்று அதே சின்சினாட்டியில் நடந்த போட்டியைத்தான். கட்டைகளைப் பார்க்காமல் அடித்த பிராங்க் மெகர்ரின், காலிகிராஃபில் அடித்த லூயிஸ் டிராபை ஜெயித்தார். போட்டி என்றால் படம் போடலாம், பரிசு கொடுக்கலாம். பாடப் புத்தகத்துக்கு யார் கைதட்டுவார்கள்!

மார்ஜரி டேவிஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. சுருக்கெழுத்தர், தட்டச்சர் வேலையில் பெண்கள் 1880-இல் 40 சதவீதம். 1930-இல் 95 சதவீதத்துக்கும் மேல். பெண் விரல்கள் மென்மையானவை, பியானோ வாசித்துப் பழகியவை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். ஆண் குமாஸ்தாவைவிடக் குறைந்த சம்பளம் போதும் என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

பெயர் போட்ட விளம்பரக் கடிதமும் இந்த விரல்களின் வழியாகவே வளர்ந்தது. அச்சடித்த கடிதத்தில் பெயரை மட்டும் நிறம் பொருந்தத் தட்டச்சு செய்து நிரப்புவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. அம்மாவின் தேய்ந்த ரிப்பன் சமாச்சாரம் அங்கேயும் இருந்திருக்கிறது! பிறகு ஆட்டோ-டைப்பிஸ்ட் என்று ஒரு மிஷின் வந்தது. தானாக வாசிக்கும் பியானோவைப் போலத் துளையிட்ட காகிதச் சுருளை வைத்து, காற்றழுத்தத்தில் டைப்ரைட்டர் கட்டைகளைத் தானே இழுத்து அடிக்கும். பெயர் வரும் இடத்தில் நின்றுவிடும். ஆபரேட்டர் வந்து பெயரை அடித்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போவாள். அதற்குள் அதுவும் நின்றிருக்கும். ஒருத்திக்கு மூன்று நான்கு மிஷின்கள். விளம்பரத்தில் அதைத் தானியங்கி என்றார்கள்.

1964-இல் ஐபிஎம், காந்த நாடாவில் எழுத்தைச் சேமிக்கும் டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. இரண்டு நாடா போடும் வகையில், ஒன்றில் கடிதம், மற்றொன்றில் முகவரிகள். மிஷினே இரண்டையும் சேர்த்து அடித்துவிடும். மெயில் மெர்ஜ் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்க வடிவங்களில் ஒன்று அது. வேலை குறைந்தது உண்மை. ஆனால் 1970களில் பல நிறுவனங்கள் செயலாளர்களை அவரவர் மேசையிலிருந்து எழுப்பி, வேர்ட் பிராசசிங் சென்டர் என்ற ஒரே கூடத்தில் உட்காரவைத்தன. யார் எத்தனை வரி அடித்தாள் என்று எண்ணுவது எளிதாகிவிட்டது. 1973-இல் பாஸ்டன் நகரில் கேரன் நஸ்பாம், எலன் கேசிடி முதலிய அலுவலகப் பெண்கள் 'நைன் டு ஃபைவ்' என்ற அமைப்பைத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். செயலாளர் வாரத்தில் கொடுக்கும் ரோஜாவுக்குப் பதிலாகச் சம்பள உயர்வைக் கேட்டார்கள். தங்கள் வேலை என்னென்ன என்று எழுதித் தரும்படியும் கேட்டார்கள். எழுதப்படாத வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மிஷினை ஆண்கள் மாற்றுகிறார்கள், பெண்கள் அவதிப்படுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். வரலாறு அப்படி இல்லை. 1969-இல் ரெடாக்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கி, 'டேட்டா செக்ரட்டரி' என்ற வேர்ட் பிராசசரைக் கொண்டுவந்தவர் ஈவ்லின் பெரசின் என்ற பெண். ஆபீஸ் 2007-இல் மைக்ரோசாஃப்ட் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு 'ரிப்பன்' என்ற பட்டையை வைத்தபோது, அந்த வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜூலி லார்சன்-கிரீன். வடிவமைக்கும் நாற்காலியில் பெண் உட்கார்ந்தாலும், பழகிக்கொள்பவளின் நேரம் கணக்கில் வருவதில்லை.

அந்த ரிப்பனை நானும் கடந்து வந்தேன். என் முதல் வேலை, காப்பீடு புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்களை வேர்டில் மெயில் மெர்ஜ் செய்வது. டூல்ஸ் மெனுவைத் திறந்து, லெட்டர்ஸ் அண்ட் மெயிலிங்ஸில் போவது கைக்குப் பழகியிருந்தது. ஒரு நாள் டூல்ஸே இல்லை. 'மெயிலிங்ஸ்' என்று தனி டேப் வந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான இடம், இன்று பழையதைத் தேட மாட்டேன். ஆனால் அந்த முதல் இரண்டு வாரம் நான் வேலை தெரியாதவளாக இருந்தேன். தாமதத்துக்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். அன்று 'ரிப்பன் மாத்திட்டாங்க' என்று அம்மாவிடம் சொன்னபோது, "மாத்தலன்னா எழுத்து மங்கிடும்லா" என்றாள்.

சென்ற ஆண்டின் மாற்றம் அப்படிச் சிரிப்போடு முடியவில்லை.

எங்கள் கிளையண்ட்களில் ஒன்று குழந்தைப் பொருட்கள் விற்கும் கடை. கர்ப்பமாக இருப்பதாகப் பதிவு செய்தவர்களுக்கு வாரந்தோறும் கடிதம் போகும். வாரம் ஏற ஏறப் பொருளும் மாறும். இந்தக் கணக்கு எங்கே போய் முட்டும் என்பது உலகுக்குத் தெரியாததல்ல. 2018 டிசம்பரில் ஜில்லியன் புரொக்கல் என்ற வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர், தன் குழந்தை இறந்து பிறந்த பிறகும் குழந்தைப் பொருள் விளம்பரங்கள் தன்னைத் துரத்துவதைப் பற்றித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் திறந்த கடிதம் எழுதினார். அதைப் படித்தபின் எங்கள் குழுவில் ஒரு தோழி ஒரு பட்டியல் தொடங்கினாள். கருவோ குழந்தையோ தவறிவிட்டது, இனி அனுப்பாதீர்கள் என்று எழுதும் பெண்களின் பெயர்களை அதில் சேர்ப்போம். யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. பழைய திரையில் அனுப்பும் பட்டியலுக்கு நேர் கீழேயே விலக்குப் பட்டியல் தெரியும்; அதைப் பார்க்காமல் அனுப்பவே முடியாது.

புதிய திரையில் அது 'மேலும்' என்ற மடிப்புக்குள் போயிருந்தது. பழைய கேம்பெய்னை நகல் எடுத்தால் பெயர்கள் வந்தன, விலக்கு வரவில்லை. வீடியோவில் அது சொல்லப்படவில்லை. இரண்டாவது வாரம் நான் அனுப்பினேன். பட்டியலில் இருந்த 31 பெண்களுக்கும், பிரசவத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் கடிதம் அவரவர் பெயரோடு போய்ச் சேர்ந்தது. ஒருவர் மட்டும் பதில் எழுதினார். ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டேனே என்று, ஒரே வரி.

விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'மனிதத் தவறு' என்று போட்டார்கள். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அந்த ஒரு வரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அந்த 31 பேரையும் அதுவரை காப்பாற்றி வைத்திருந்ததும் மனிதர்கள்தான். அதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் இருந்ததில்லை. பட்டியல் தொடங்கிய தோழி வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் நிறுவனத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

டைம்ஷீட்டில் ஒரு தலைப்பு சேர்க்கச் சொல்லி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை.

இதற்கிடையில் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் அதைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். ஏழாவது படி: அனுப்பும் முன் 'மேலும்' என்பதைத் திற. விலக்குப் பட்டியல் இருக்கிறதா பார். இல்லையென்றால் அனுப்பாதே, யார் அவசரப்படுத்தினாலும். "ஏன் அக்கா எல்லாத்தையும் பென்சில்ல எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். அடுத்த மாற்றம் தை மாதம் வருகிறதாம் என்றேன்.